மேட்ரன் போட்ட மூடாக்கு

சம்பந்தியின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் பத்து நாள் வந்து இருக்கவேண்டும் என்று மகள் போனில் சொன்னபோது மேட்ரனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கொடிகட்டிப் பறந்தவள் அவள். அவள் வார்டுக்குள் நுழைந்தால் டாக்டர்களே சட்டைப் பித்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். படுக்கை விரிப்பில் ஒரே ஒரு சுருக்கம் தெரிந்தால் போதும், அன்றைக்கு அந்த நர்ஸின் கதை கந்தல்தான். அப்பேர்ப்பட்டவள், ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, ஒரு தையல்காரரின் இடது கண்ணுக்கு நாலு வேளை மருந்து விடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமாம்.

“ஏன், உன் வீட்டுக்காரர் விடமாட்டாராமா?”

“அவருக்கு ஷிப்ட்மா. லிப்ட் எங்க நின்னாலும் ஓடணும். எனக்கு அஞ்சு நாள் வெளியூர்ல பயிற்சி. ஆபரேஷன் முடிஞ்ச கையோட மாமாவைத் தனியா விடமுடியாது. வாயேன்மா.”

“மாமாவாம், மாமா,” என்று போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள் மேட்ரன்.

அவள் இந்தக் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. தடுக்கவில்லையே தவிர, கல்யாணத்தன்று அவள் வைத்திருந்த மூஞ்சியைப் போட்டோக்காரரால்கூட நிமிர்த்த முடியவில்லை. வேளாண்மைப் படிப்பில் முதல் வகுப்பில் தேறிய மகள், லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு, டெய்லர் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். போனதும் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். என்ன வேலை? பில் போடும் வேலை! பூந்தொட்டிக்கும் உரமூட்டைக்கும் பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள் பெற்ற பெண். இதற்கும் அந்த டெய்லருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைதான். ஆனாலும் மேட்ரன் மனசுக்குள் எல்லாப் பழியும் அவர் தலையில்தான் விழுந்தது.

டெய்லர் சாதுவான மனிதர். கடையை மூடி நாலு வருஷம் ஆகியும் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றாதவர். மேட்ரன் வந்து இறங்கியபோது இடது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு வாசலுக்கு வந்து, “வாங்க சம்பந்தியம்மா, பிரயாணம் எல்லாம் சௌகரியமா இருந்துச்சா?” என்று கேட்டார். கழுத்தில் டேப் தொங்கியது.

“எழுந்து நடமாடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா?” என்றாள் மேட்ரன். அதுதான் அவருக்குக் கிடைத்த வரவேற்பு.

அன்று மதியமே கொல்லைப்புறத்தைப் பார்த்தாள். பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நாற்றம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பொத்திக்கொண்டாள். வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசைத் தக்காளிச் செடிகள் குச்சியில் கட்டி நின்றன, இடுப்பு உயரத்துக்கு. செடிகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தரைதான் கண்றாவி. கிழிந்த அட்டைப்பெட்டிகளை நனைத்துப் பரப்பி, அதன்மேல் காய்ந்த இலை, மக்கிய வைக்கோல், எங்கேயோ பொறுக்கிய சருகு, முட்டை ஓடு என்று அள்ளிக் கொட்டியிருந்தது. ஓர் ஓரத்தில் மரவட்டை ஒன்று சுருண்டு கிடந்தது.

“இது என்ன, குப்பை லாரி வரலையா இந்தத் தெருவுக்கு?”

“குப்பை இல்லைங்க, மூடாக்கு.” டெய்லர் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். “மண்ணு மேல இப்படிப் போட்டு மூடிட்டா ஈரம் காயாது, களையும் மேல வராது. மூணு இஞ்ச்சுக்கு மேலயும் போகக் கூடாது, கீழயும் போகக் கூடாது.” சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்துச் சருகுக்குள் செருகி அளந்து காட்டினார். “அப்புறம் பாருங்க, தண்டைச் சுத்தி நாலு விரல் இடம் விட்டிருக்கேன். சட்டைக்குக் கழுத்து வெட்டற மாதிரிதான். இறுக்கிட்டா செடிக்கு மூச்சு முட்டும், தண்டு அழுகிடும்.”

செடிக்குக் கழுத்துப்பட்டி! மேட்ரனுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இஞ்ச் டேப் வைத்துக் குப்பையை அளக்கும் மனிதரை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். “மண்ணுக்குக் குளிருதாக்கும், போர்வை போத்தி விடறீங்க,” என்றாள். டெய்லர் அதற்கும் சிரித்துவைத்தார். இந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு வயிற்றெரிச்சல். ஆளைத் திட்டினால் எதிர்த்துப் பேசவேண்டாமா? அதற்குக்கூட வக்கில்லாத மனிதர்.

மறுநாள் காலை, பயிற்சிக்குக் கிளம்புமுன் மகள் அம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள்.

“இது வெறும் தக்காளி இல்லைம்மா. ரெண்டு ரகத்தைச் சேர்த்து நானே உண்டாக்கினது. மூணு வருஷம் ஆச்சு. மழை பெஞ்சாலும் தோல் வெடிக்காது, ருசியும் குறையாது. கையில இருந்த அத்தனை விதையையும் இந்தத் தடவை போட்டுட்டேன். முதலாளி நாப்பது செடியாவது பாக்கணும்னார்.”

“எப்ப வர்றாராம்?”

“மூணு வாரத்துல. நாப்பதும் ஒரே மாதிரி காய்ச்சிருந்தா விதைப் பகுதியை என் கையில குடுக்கறேன்னு சொல்லியிருக்கார். எனக்குக் கீழ பத்துப் பேர். இல்லேன்னா பில் போட வேண்டியதுதான், சாகறவரைக்கும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் பாதிக்குமேல் பயம். “நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. காலையில கொஞ்சம் தண்ணி விட்டாப் போதும். எதுவானாலும் மாமாவைக் கேளு.”

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மேட்ரனுக்கு அன்று முழுக்க அது ஒன்றுதான் ஓடியது. முதலாளி வரப்போகிறார். விதைப் பகுதி. பத்துப் பேர். மகளுக்கு ஒரு விடிவு காலம் வருகிறது. வருகிற மனிதர் முதலில் எதைப் பார்ப்பார்? தரையைத்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை இன்ஸ்பெக்ஷன் பார்த்தவள் அவள்! உள்ளே ஆயிரம் இருக்கட்டும், வாசல்படியில் ஒரு பஞ்சுத் துணுக்குக் கிடந்தால் வந்தவன் முகம் மாறிவிடும். இங்கே என்னடாவென்றால் முட்டை ஓடும் மரவட்டையும்! இந்தக் குப்பைமேட்டைப் பார்த்துவிட்டு எவன் தன் பண்ணையைத் தூக்கிக் கொடுப்பான்? பெண்ணின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப்பார்க்கிறாரே இந்த டெய்லர் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூடாக்கு வேண்டுமா, போடலாம். அதற்கும் ஒரு சுத்தம், ஒரு லட்சணம் வேண்டாமா?

பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அந்த ஆஸ்பத்திரியின் முகப்பில் ஒரு புல்வெளி உண்டு. பச்சைக் கம்பளம் என்று சும்மா சொல்வதில்லை, நிஜமாகவே கம்பளம்தான். ஒரு களை கிடையாது. ஒரு காட்டுச்செடி கிடையாது. ‘எங்க புல்தரையில ஆபரேஷன் பண்ணலாம்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் மேட்ரன் பீற்றிக்கொண்ட புல்வெளி. வெட்டிய புல்லை மூட்டை கட்டிக் கொடுக்க அங்கிருந்த தோட்டக்காரருக்கு மேட்ரனின் ஒரு வார்த்தை போதாதா? சாயங்காலமே ஏழு சாக்கு வந்து இறங்கியது.

டெய்லர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

“சம்பந்தியம்மா, பச்சைப் புல்லை அப்படியே போட்டா சூடாகி ஊளை நாத்தம் எடுக்குமே.”

“காய வெச்சுத்தான் போடப்போறேன். எனக்கு அந்த அறிவு இருக்கு.”

“சரிங்க. இன்னொண்ணு...” அவர் ஒற்றைக் கண்ணால் சாக்குகளையே பார்த்தார். “ஒரு களைகூட இல்லாத புல்வெளின்னு சொல்றீங்க. அதெப்படிங்க, ஒண்ணுகூட இல்லாம இருக்கும்?”

“பராமரிப்பு! சுத்தம்! நீங்க பாத்திருக்க மாட்டீங்க.”

“இல்லைங்க, ஏதாவது மருந்து கிருந்து அடிக்கிறாங்களான்னு தோட்டக்காரரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே. இல்லேன்னா ஒண்ணு செய்வோம். ஒரு தொட்டியில நாலு பீன்ஸ் விதை ஊனி, மேல இந்தப் புல்லைப் போட்டு ரெண்டு வாரம் பாப்போம். பீன்ஸ் நல்லா வந்துச்சுன்னா தக்காளிக்குப் போட்டுக்கலாம். புதுத் துணியை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு துண்டை நனைச்சுப் பாப்போம், சுருங்குதான்னு. அந்த மாதிரி.”

மேட்ரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “பீன்ஸுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணணுமா? அதையும் டேப் வெச்சு அளப்பீங்களா? போய்ப் படுங்க. உங்க கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது.”

டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்காமல் ஊசி போட்ட ஒரு நர்ஸை மூன்று நாள் நிற்கவைத்து அழவிட்டவள் இவள். அந்தப் பெண் எத்தனை மன்னிப்புக் கேட்டும், ‘ஒரு நிமிஷம் ஆகுமா அதுக்கு? ஒரு நிமிஷம்!’ என்று வார்டே அதிரக் கத்தியவள். தோட்டக்காரரை ஒரு போனில் கேட்க இவளுக்கும் ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். கேட்கவில்லை. சொன்னவர் டெய்லர் ஆயிற்றே, எப்படிக் கேட்பாள்?

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மொட்டைமாடியில் புல்லைப் பரப்பிக் காயவைத்தாள். அந்த இரண்டு நாளும் டெய்லர் வாய் ஓயவில்லை. சொட்டு மருந்துக்காகத் தலையைச் சாய்க்கும்போதெல்லாம், “கேட்டீங்களா சம்பந்தியம்மா?” என்பார். “ஆடாதீங்க. மருந்து விடறப்ப பேசக் கூடாது,” என்பாள் மேட்ரன். மருந்து விடும்போது பேசக் கூடாதென்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை.

மூன்றாம் நாள் காலை வேலை தொடங்கியது. தலையில் துணி, கையில் ரப்பர் உறை, மூக்கில் முகமூடி. வரிசை வரிசையாகச் சருகையும் வைக்கோலையும் வாரிச் சாக்கில் திணித்தாள். அட்டையைக் கிழித்து எடுத்தாள். மண்புழு நெளிந்தபோது “சீ!” என்று கத்தினாள். பிறகு காய்ந்த புல்லைக் கொட்டி, கையால் நிரவி, தட்டி, தண்டோடு ஒட்டிச் செருகிவிட்டாள், மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகுவதுபோல. ஒரு சுருக்கம் இல்லை. ஒரு பிசிறு இல்லை.

ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. “கழுத்தையாவது விட்டுப் போடுங்களேன்!”

மேட்ரன் போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

ஏழு சாக்கும் நாலு வரிசையோடு தீர்ந்துபோயிற்று. ஐந்தாவது வரிசை பழைய குப்பையோடேயே நின்றது. கண்ணை உறுத்தியது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு சாக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, நாலு வரிசைக்கும் புல் நனைய நனையத் தண்ணீர் விட்டாள். மறுநாளும் விட்டாள். அதற்கு மறுநாளும் விட்டாள். அழகு பார்த்தாள்.

மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்து ஒருமுறை எட்டிப்பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு அத்தை,” என்றார். அந்த மனிதருக்கு லிப்ட் மேலே போனாலும் நல்லாத்தான் இருக்கும், கீழே போனாலும் நல்லாத்தான் இருக்கும்.

ஆறாம் நாள் சாயங்காலம் மகள் திரும்பினாள். தோள்பையைக்கூட இறக்காமல் நேரே கொல்லைக்குப் போனாள். மேட்ரன் பின்னாலேயே போனாள், பாராட்டு வாங்க.

“என்னம்மா இது?”

“பாத்தியா? இப்ப வரச்சொல்லு உன் முதலாளியை.”

“இந்தப் புல்லு எங்கேர்ந்து வந்தது?”

“நம்ம ஆஸ்பத்திரிப் புல்வெளிடி. ஏழு சாக்கு.”

 மகள் போனை எடுத்துத் தோட்டக்காரரின் நம்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று பேசினாள். “களை மருந்து அடிக்கிறீங்களா?... மாசாமாசமா?... கடைசியா எப்ப அடிச்சீங்க?” பதிலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு மண்டியிட்டாள். இரண்டு கையாலும் புல்லை வாரி வாரி வெளியே எறிய ஆரம்பித்தாள்.

“என்னடி, பைத்தியமா உனக்கு?”

“அம்மா, அது அகல இலைச் செடியை மட்டும் கொல்ற மருந்து. புல்லை ஒண்ணும் பண்ணாது. அதனாலதான் அங்க புல்லைத் தவிர ஒண்ணும் இல்லை. வெட்டின புல்லுலயும் அது இருக்கும், காஞ்சாலும் போகாது. தண்ணி விட்டா மண்ணுல இறங்கும். தக்காளிக்கு என்ன இலைம்மா?”

மேட்ரனுக்குத் தக்காளி இலை எப்படியிருக்கும் என்று தெரியும். கண் முன்னாலேயே நூற்றுக்கணக்கில் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “அதான் பச்சைப்பசேல்னு நிக்குதே! ஒரு புல்லுக்கு இந்த ஆர்ப்பாட்டமா?”

டெய்லர் கண் மூடியோடு வெளியே வந்தார். குனியக் கூடாது என்பதால் நிமிர்ந்தபடியே தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து புல்லைத் தள்ளினார். “உள்ள போங்க, கண்ணு போயிடும்!” என்று மேட்ரன் கத்தினாள். முதன்முறையாக அவர் அவள் பேச்சைக் கேட்காமல் இருந்தார். இருட்டுவதற்குள் நாலு வரிசையும் வெறும் மண்ணாயிற்று. மகளும் மாமனாரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மேட்ரன் மட்டும் படியில் நின்று பேசிக்கொண்டேயிருந்தாள்.

எட்டாம் நாள் முதல் வரிசையில் நுனிக் கொழுந்து லேசாகச் சுருண்டது.

“வெயில்,” என்றாள் மேட்ரன்.

ஒன்பதாம் நாள் இரண்டாவது வரிசை. “பூச்சியா இருக்கும்.” பத்தாம் நாள் நாலு வரிசையிலும் புது இலை விரியவே இல்லை. நூல் நூலாகத் திரித்துக்கொண்டு, உள்பக்கமாக மடிந்து, தண்டின் நுனி முறுக்கிக்கொண்டு நின்றது. பூ உதிர்ந்தது. பிடித்திருந்த பிஞ்சு கோணலாகிக் கன்றிப்போனது. அதற்குமேல் அவளுக்குச் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாத நோயாளியின் உடம்பு எப்படி முறுக்கிக்கொள்ளும் என்று பார்த்தவள் அவள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.  தள்ளி நின்ற ஐந்தாவது வரிசை எட்டுச் செடியும், சருகும் முட்டை ஓடும் சூழ, ஒரு குறையும் இல்லாமல் காய்த்துக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாளவில்லை.

சொன்ன பத்து நாள் முடிந்தது. மேட்ரன் கிளம்பவில்லை. கிளம்பினால் ஓடிப்போன மாதிரி ஆகும். டெய்லருக்கு நேரம் தவறாமல் மருந்து விட்டாள். மகள் ‘சாப்பிட்டியாம்மா’, ‘மாத்திரை போட்டியாம்மா’ என்று இரண்டே கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மேட்ரன் காத்துக் கிடந்தாள். அந்தச் சலுகைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

முதலாளி சொன்ன நாளில் வந்துவிட்டார். காலில் மண் அப்பிய ரப்பர் பூட்ஸ், நகக்கண்ணில் கறுப்பு, முழங்கால் வெளுத்துப்போன பேன்ட். தரையில் பஞ்சுத் துணுக்குப் பார்க்கிற ஆசாமியே அல்ல. இந்த மனிதருக்காகவா நாம் கொல்லையைக் கழுவித் துடைத்தோம் என்று மேட்ரனுக்கு நெஞ்சைக் குத்தியது. அவர் முதல் வரிசை முன் உட்கார்ந்தார். ஒரு கொழுந்தை விரலில் பிடித்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

“களை மருந்து. மூடாக்குல வந்திருக்கு. எதைப் போட்டீங்க?”

மகள் வாயைத் திறக்குமுன் டெய்லர் முன்னால் வந்தார். “என் தப்புங்க. நான்தான் எங்கேயோ கிடைச்ச புல்லைப் பாக்காம கொள்ளாம போட்டுட்டேன். கண்ணு சரியா தெரியலை. மருமக ஊர்ல இல்லை.”

முதலாளி அவரையே பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். மேட்ரனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போயும் போயும் இவர் தயவிலா அவள் தப்பிக்கவேண்டும்? அதைவிட அந்தக் களை மருந்தைக் கரைத்துக் குடித்துவிடலாம்.

“அவர் பொய் சொல்றார்,” என்றாள். “போட்டது நான். அவர் வேண்டாம்னார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை சொன்னார். சோதிச்சுப் பாத்துட்டுப் போடுன்னார். நான் கேக்கலை. என் பொண்ணுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லை. அவளுக்கு வேலையைக் குடுங்க.”

இதைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் அவள் நம்பினாள். உண்மையை ஒப்புக்கொள்வது அவள் வாழ்நாளில் அதிகம் செய்த காரியமல்ல. அதனால் அதற்கு உடனே ஏதாவது மரியாதை கிடைக்கும் என்று எதிர்பார்த்தாள்.

முதலாளி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். “அம்மா, நீங்க சொன்னது நல்லது. ஆனா என் கஷ்டத்தையும் பாருங்க. பண்ணையில பத்துப் பேர் இருப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு யோசனை இருக்கும். நான் இல்லாதப்ப இதைப் போடாதே, அதைத் தொடாதேன்னு தடுக்கத் தெரிஞ்ச ஆளுதான் எனக்கு வேணும். இவங்க ஊர்ல இல்லைன்னா சொந்த வீட்டுலயே இப்படி ஆகுதுன்னா, அங்க எப்படி?”

“என்ன பேசறீங்க நீங்க?” மேட்ரன் பொங்கினாள். “முதல் வகுப்புல தேறினவ! உங்க பண்ணையில பில் போடறதே அதிகம்! பெரிய பண்ணை, பொல்லாத பண்ணை! பூட்ஸையும் ஆளையும் பாத்தாலே தெரியுதே...”

“அம்மா.”

மகள் சத்தம் போடவில்லை. மேட்ரன் வார்டில் பேசுவாளே, நாலு கட்டில் தள்ளியும் தெளிவாகக் கேட்கும்படி, மேலே ஒரு வார்த்தைக்கு இடமில்லாதபடி, அச்சு அசல் அந்தக் குரல்.

“உள்ள போ.”

மேட்ரன் போனாள்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே பேச்சுத் தெளிவாகக் கேட்டது. மகள் ஐந்தாவது வரிசைக்கு அவரைக் கூட்டிப் போய், ஒவ்வொரு குலையாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். இந்த எட்டும் சுத்தமாக இருக்கின்றன, தோலை அழுத்திப் பாருங்கள், இதிலிருந்து விதை எடுத்து அடுத்த பருவத்தில் நாற்பது காட்டுகிறேன் என்றாள். அழாமல், கெஞ்சாமல் சொன்னாள். முதலாளி ஒரு பழத்தைப் பறித்துத் தின்றார். நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

“காட்டுங்க, பாக்கறேன். ஆனா விதைப் பகுதியைக் காலியா போட முடியாது. வேற ஆளைப் போட்டுடறேன். ஒருத்தரைப் போட்டபிறகு எடுக்கறதும் கஷ்டம். அதையும் இப்பவே சொல்லிடறேன்.”

“சரிங்க சார்,” என்றாள் மகள்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. டெய்லர் வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார். மகள் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்து கை கழுவினாள். மேட்ரன் அடுப்பு மேடையைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். மேடையில் துடைக்க ஒன்றும் இல்லை.

“நான் ஒத்துக்கிட்டேன்ல, எல்லார் முன்னாலயும்?” என்றாள்.

“ஒத்துக்கிட்டம்மா.”

“அப்புறமும் அந்த ஆள்...”

“அம்மா, ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. புல்லுல மருந்து இருக்கான்னு கேட்டுப் போடுங்கன்னு வேற யாராவது சொல்லியிருந்தா, ஒரு டாக்டர் சொல்லியிருந்தா, உன் கீழ வேலை பாத்த ஒரு சின்ன நர்ஸே சொல்லியிருந்தாகூட, நீ தோட்டக்காரருக்குப் போன் பண்ணியிருப்பியா, மாட்டியா?”

மேட்ரன் துணியைக் கீழே வைத்தாள். பொய் சொல்லலாம். சொன்னால் மகள் நம்பமாட்டாள்.

“பண்ணியிருப்பேன்.”

“மாமா சொன்னதால பண்ணலை.”

“ஆமா.”

மகள் குழாயை மூடினாள். “அவரைப் பிடிக்கலேன்னா அவர்கிட்டயே காட்டியிருக்கலாமேம்மா. அவர் தாங்கிக்குவார். மூணு வருஷமா நான் வளத்ததுதானா உனக்குக் கிடைச்சுது?”

  மகள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, எட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாள்.